இரு கண்ணாடிகளுக்கு நடுவே நின்ற தூண்

என்னைத் தூண் என்று சொன்னவர் இந்த உலகத்தில் ஒரேயொருவர்தான். ஊருக்குத் தூண், சங்கத்துக்குத் தூண் என்று மேடைகளில் எத்தனையோ பேரைச் சொல்லக் கேட்டுக் கைதட்டியிருக்கிறேன். எனக்கு அந்தப் பட்டம் கிடைத்தபோது கைதட்ட ஒருவரும் இருக்கவில்லை. முகத்தின் ஒரு பக்கம் சவர்க்கார நுரை. கழுத்தைச் சுற்றி யாருடையதோ பழைய சேலைத் துண்டு. தொண்டைக்குழிக்கு மேலே சவரக் கத்தி. "மாஸ்ரர், அசையாதேங்கோ. நீங்கள்தான் தூண்" என்றார் எங்கள் பௌதிகவியல் ரீச்சர். கத்தி நின்ற இடத்தைப் பார்த்தால், அசையும் எண்ணம் எனக்கும் இருக்கவில்லை.

அது வன்னிக்குள்ளே, மல்லாவியில் ஓர் ஓலைக் கிடுகுக் கொட்டில் சலூன். கடைக்காரர் முன்பு கிளிநொச்சி நகரத்தில் கடை வைத்திருந்தவர். சண்டையால் இடம்பெயரும்போது மற்றவர்கள் நெல் மூட்டையையும் கதவு நிலையையும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றினார்கள். அவர் தம்முடைய இரண்டு ஆளுயரக் கண்ணாடிகளை மெத்தைகளுக்கு நடுவில் செருகி, வழி முழுவதும் அவற்றின் மேலேயே குப்புறப் படுத்துக்கொண்டு வந்தார். கடைக்கு ஒழுங்கான சுவர் இல்லை, கதவு இல்லை, வாடிக்கையாளருக்குச் சாய்வதற்கு முதுகுள்ள கதிரைகூட இல்லை. ஆனால் அந்தக் கண்ணாடிகள் இரண்டும் ஒரு கீறலும் இல்லாமல் எதிரெதிரே நின்றன. நடுவில் ஆள் இருந்தால் அவருக்குத் தன்னையே கடைசிவரைக்கும் பார்க்கும் தண்டனை.

பெண்கள் சலூனுக்குள் வருகிற வழக்கம் அந்த நாளில் இல்லை. ரீச்சர் தெருவில் சைக்கிளில் போனவர். சுவர் இல்லாத பக்கத்தால் என்னைக் கண்டு, சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு நேரே உள்ளே வந்துவிட்டார். வாங்குப் பலகையில் காத்திருந்த இருவரில் ஒருவர் எழுந்து நின்றார். மற்றவர் பழைய பத்திரிகையை முகத்துக்கு நேரே தூக்கினார். கடைக்காரருக்கு வாய் குழறியது.

"ரீச்சர்... ஆருக்கும் முடி வெட்டோணுமோ?"

"இல்லைத் தம்பி. உங்கடை கண்ணாடியை ஒருக்காப் பாக்கோணும். மாஸ்ரர், முன்னாலை என்ன தெரியுது?"

"என்ரை முகம்."

"அதுக்குப் பின்னாலை?"

"என்ரை பிடரி."

"அதுக்கும் பின்னாலை?"

"திரும்பவும் முகம் ரீச்சர். கொஞ்சம் பச்சை அடிச்சுப்போய் நிக்குது."

"முகம் எல்லாம் கூட்டல். பிடரி எல்லாம் கழித்தல். அவ்வளவுதான் விசயம். இதைத்தான் ரெண்டு கிழமையாய் உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறன்" என்றார். பிறகு கடைக்காரரிடம், "சரி தம்பி, நீங்கள் வெட்டுங்கோ" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். கடைக்காரர் கத்தியை எடுத்துக் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "மாஸ்ரர், அவா உங்களைத்தானே வெட்டச் சொன்னவா?" என்று கேட்டார்.

ரீச்சரை அறியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். நான் அப்போது இடம்பெயர்ந்த ஒரு பாடசாலையில் உயர்தர வகுப்புக்குக் கணக்கியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அவர் அதே பாடசாலையில் பௌதிகவியல். குள்ளமான உருவம், நடந்தால் பின்னால் வருகிறவர் ஓட வேண்டும், கொண்டையில் கரும்பலகையில் எழுதும் வெண்கட்டி ஒரு துண்டு எப்போதும் செருகியிருக்கும். பூ வைக்கிற இடத்தில் வெண்கட்டி வைத்த வேறு பெண்ணை நான் கண்டதில்லை. நாற்பதை நெருங்கியிருந்தார். யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்திலேயே பல்கலைக்கழகத்தில் உயர் பட்டத்துக்குப் பதிந்து, ஓர் ஆய்வேட்டை முக்கால்வாசி எழுதியிருந்தார். விசயம் இதுதான்: தொலைத்தொடர்புக் கோபுரங்களில் நுண்ணலையை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோக நீள்சதுரமான உலோகக் குழாய் ஒன்று இருக்கிறது. அதற்கு அலைவழிகாட்டி என்று பெயர். அதற்குள்ளே ஒரு சின்ன உலோகத் தூணை நட்டால் வருகிற அலை என்ன செய்யும்? ஒரு பங்கு தூணில் பட்டுத் திரும்பி வரும்; மிச்சம் தூணைச் சுற்றிக்கொண்டு அப்பாலே போகும். எவ்வளவு திரும்பும், எவ்வளவு போகும் என்று கணக்குப் பார்ப்பதுதான் ஆய்வு. சின்ன வாய்க்காலுக்குள் ஒரு கட்டையை நட்டுவிட்டுப் பார்க்கிற மாதிரி என்று நான் விளங்கிக்கொண்டேன். "கிட்டத்தட்டச் சரி" என்றார் அவர். என்னைப் பொறுத்தவரை பௌதிகவியலில் நான் வாங்கிய ஆகக்கூடிய புள்ளி அதுதான்.

பல்கலைக்கழகக் கணினியில் முடிவுகள் எல்லாம் எடுத்து வைத்திருந்தாராம். யாழ்ப்பாணத்தை விட்டு ஓடி, கடல் நீரேரியைப் படகில் கடந்தபோது பெட்டிக்குள் தண்ணீர் போய், தாளில் இருந்த இலக்கங்கள் எல்லாம் கரைந்து ஒரே நீலக் கறையாகிவிட்டன. ஆய்வேட்டின் எழுத்து மிஞ்சியது, விடை மிஞ்சவில்லை. அவருடைய பேராசிரியர் அதற்கு முன்பே, எழுத்தின் பிரதியோடு, வெளிநாடு போய்விட்டார். முல்லைத்தீவுக் கரையோரக் கத்தோலிக்கப் பங்கு ஒன்றின் பாதர் கொழும்புக்குப் போய் வரும்போது பேராசிரியரின் செய்தியைக் கொண்டுவந்தார். பதிவுக் காலம் முடியப்போகிறது. ரீச்சரே கணித்த முடிவு அட்டவணை வந்து சேர்ந்தால்தான் ஆய்வேட்டைப் பரீட்சகர்களுக்கு அனுப்பலாம். இல்லாவிட்டால் பதிவு தானாகவே ரத்து. பாதர் அடுத்த முறை பயண அனுமதிப் பாஸ் எடுத்து வவுனியாவால் கொழும்புக்குப் போகும்போது அட்டவணை அவர் கையில் இருக்க வேண்டும். இருந்தால் அத்தனை வருட உழைப்பும் மிஞ்சும். இல்லையென்றால் அதுவும் நீலக் கறைதான்.

எங்களிடம் கணினி இல்லை. அதை விடுவோம், மின்சாரம் இல்லை. அதையும் விடுவோம், ரோச் லைற்றுக்குப் போடும் பற்றரியே வன்னிக்குள் கொண்டுவரத் தடைசெய்யப்பட்ட பொருள். ரீச்சரிடம் நல்லதொரு கல்குலேற்றர் இருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட காலம் அல்லவா? அதே மாதிரிக் கல்குலேற்றருக்கும் இணைப்புக் கொடுத்து, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையால் சுற்றும் பொறுப்பை என்னிடம் தந்தார். நான் சுற்றும்வரை இலக்கங்கள் தெளிவாக நின்றன. எனக்கு மூச்சு வாங்கினால் அவற்றுக்கும் மூச்சு வாங்கியது. மூக்கைச் சொறிய ஒரு கை எடுத்தேன். காலை முழுவதும் சேர்த்த கூட்டுத்தொகை ஆவியாகப் போய்விட்டது. ரீச்சர் இணைப்பைக் கழற்றினார். "மடக்கை அட்டவணையாலை செய்வம். அதுக்கு மூக்கு இல்லை" என்றார்.

அப்படித்தான் மின்காந்த அலைச் சிதறலைப் பென்சிலால் கணிக்கும் நிலையம் ஒன்று மல்லாவியில் ஆரம்பமானது. பாடசாலைக் கட்டடம் காலையில் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு, பின்னேரம்தான் எங்களுக்கு. ஆகவே காலையில், கட்டடத்துக்குப் பின்னால் விறகு அடுக்கும் கொட்டிலில் இரண்டு வாங்கைப் போட்டுக்கொண்டு நால்வர் கூடினோம். ரீச்சர், நான், ஒரு பாடசாலையின் பழைய அதிபர், தையல் ரீச்சர்.

பழைய அதிபர் பூநகரிப் பக்கத்தவர். ஓய்வுபெற்று நீண்ட காலம். இடம்பெயர்ந்த வருடத்தில் மனைவியைப் பறிகொடுத்தவர். உறவினர் ஒருவரின் தறப்பாள் கொட்டிலில் ஒரு மூலை அவருக்கு. கணக்கு அவருக்கு மூச்சு மாதிரி. மூன்று இலக்கத்தை மூன்று இலக்கத்தால் மனத்திலேயே பெருக்கிச் சொல்லுவார். தோய்த்து மடித்த வேட்டியும் குடையுமாக எங்கள் எல்லோருக்கும் முன்பாக வந்து, வாங்கைத் துடைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். என்னைக் கண்டால் அவருக்கு ஒரு உற்சாகம். "தம்பி, கணக்கியல் எண்டது கணக்கில்லை. கணக்குக்குச் சட்டை போட்டுவிடுறது" என்பார். அவருடைய மூக்குக் கண்ணாடியில் ஒரு பக்கம் வெடிப்பு. காம்புக்குப் பதில் நூல் கட்டியிருந்தது. புதிதாக வாங்க அங்கே இடமில்லை.

தையல் ரீச்சர் முல்லைத்தீவுக் கடற்கரைக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர். பௌதிகவியல் ரீச்சரோடு ஒரே வீட்டில் தங்கியிருந்தார், அவரை அக்கா என்பார். அதிகம் கதைக்கமாட்டார். துணி வெட்டுகிறவர்களுக்கு உள்ள நிதானம். ஒரு கணக்கை மூன்று தரம் பார்த்துவிட்டுத்தான் பென்சிலைத் தாளில் வைப்பார்.

வேலை இப்படி. தூணின் மேற்பரப்பை ரீச்சர் கீலம் கீலமாக, மெல்லிய நீளத் துண்டுகளாகப் பிரித்தார். ஒவ்வொரு கீலத்திலும் ஓடுகிற மின்னோட்டம் எவ்வளவு என்று தெரியாது. ஆனால் ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றையும் எப்படிப் பாதிக்கும் என்று கணிக்கலாம். குழாயின் பக்கச் சுவர்கள் இரண்டும் அலைக்குக் கண்ணாடி போல. ஆகவே நடுவில் நிற்கிற ஒற்றைத் தூணை அலை ஒற்றையாகக் காண்பதில்லை. சலூனில் நான் கண்டதைப் போல, முடிவில்லாத ஒரு வரிசையாகவே காணும். முகம் கூட்டல், பிடரி கழித்தல். அவற்றையெல்லாம் கூட்டிக் கழித்துச் சமன்பாடுகளை எழுத வேண்டும். பிறகு சமன்பாடுகளை ஒவ்வொன்றாக ஒழித்து விடையை எடுக்க வேண்டும். ஒரு மீடிறனுக்கு, அதாவது அலை ஒரு நொடியில் துடிக்கிற ஓர் எண்ணிக்கைக்கு, இது ஒரு தடவை. அடுத்த மீடிறனுக்கு எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

பிழை வராமல் இருக்க ஒவ்வோர் எண்ணையும் இருவர், ஒருவர் தாளை மற்றவர் பாராமல், தனித்தனியே கணிப்பது என்று ஏற்பாடு. அதிபரும் தையல் ரீச்சரும் ஒரு சோடி. நானும் ரீச்சரும் ஒரு சோடி. வெயில் உச்சிக்கு வரும்போது வேலையை நிறுத்தி, விடைகளை வாய்விட்டு வாசிப்போம். ஒத்துப்போனால் ரீச்சர் கொண்டையில் இருந்த வெண்கட்டியை எடுத்து, பலகையில் ஒரு சரி போடுவார். வாசிக்கும் வரிசையைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் மூத்தவர் இருக்க இளையவர் வாய் திறப்பதில்லை. ஆகவே எப்போதும் அதிபர் முதலில் வாசிப்பார், பிறகு தையல் ரீச்சர். அந்தச் சோடிக்கு ஒரு நாளும் வித்தியாசம் வந்ததில்லை. எனக்கும் ரீச்சருக்கும் வராத நாள் இல்லை. பலகையில் என் பக்கம் அழித்து அழித்து வெள்ளையாகவே இருந்தது.

கடைசியில் ஒரு சோதனை உண்டு. அனுப்பிய அலையின் சக்தியை ஒன்று என்று வைத்தால், திரும்பி வந்த பங்கும் தாண்டிப் போன பங்கும் சேர்ந்து ஒன்றாக வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. முதல் மீடிறனுக்கு அழகாக ஒன்றுக்குப் பக்கத்தில் வந்தது. நாங்கள் தேங்காய்ப்பூப் போட்ட அவித்த கடலையோடு அதைக் கொண்டாடினோம். அடுத்ததில் ஒன்றைத் தாண்டிப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக நின்றது. அதற்கடுத்ததில் இன்னும் கூட.

"அனுப்பினதைவிடக் கூடத் திரும்பி வருது" என்றார் ரீச்சர், தாளைப் பார்த்துக்கொண்டே.

"அப்ப நல்லதுதானே ரீச்சர்" என்றேன் நான். "கரண்டே இல்லாத ஊரிலை கரண்ட் காய்க்கிற தூண் ஒண்டைக் கண்டுபிடிச்சிருக்கிறம். ஒரு பல்பைக் கொழுவிப் பாப்பம்."

ஒருவரும் சிரிக்கவில்லை. மூன்று பேரும் மெதுவாக என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை வைத்தே சொல்லலாம், விசாரணை முடிந்துவிட்டது, இனித் தீர்ப்பை எழுதுவதுதான் மிச்சம். நியாயம்தான். நான்கு தசமம் எடுக்கச் சொன்னால் சதத்துக்குக் கீழே எதுவும் இல்லை என்று இரண்டோடு நிறுத்துகிற பிறவி நான். எனக்கே என் மேல் சந்தேகம் இருக்கவில்லை. நிச்சயமாக நான்தான் என்று நம்பினேன். என் பக்கத்துத் தாள்கள் அத்தனையையும் எடுத்து முதலிலிருந்து போட்டேன். அதிபர் ஒவ்வொரு காலையும் விசாரித்தார். "என்ன தம்பி, பிழையைப் பிடிச்சிட்டியோ, இல்லைப் பிழை உன்னைப் பிடிச்சிட்டுதோ?" நான் தேடத் தேட என் கணக்குச் சரியாக இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக நான் சரியாக இருந்தேன், அதை நம்ப ஒருவரும் இல்லை, என்னையும் சேர்த்து. பாதரின் பாஸ் வந்துவிட்டதாகவும் செய்தி வந்தது.

அதிபர் வீட்டுக்குப் போய்விட்ட ஒரு மத்தியானம், ரீச்சர் என்னிடம் கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டார். "மாஸ்ரர், இது பகிடி இல்லை. எனக்கு இது மட்டும்தான் மிச்சம்." பேசியது எனக்குச் சுடவில்லை, அந்த 'மட்டும்தான்' சுட்டது. ஒன்றுக்கும் உதவாத என் தாள்களை மறுபடி அடுக்கினேன். அப்போது, கிணற்றடியில் குடத்தைக் கழுவிக்கொண்டிருந்த தையல் ரீச்சர் எழுந்து வந்தார்.

"அக்கா, மாஸ்ரரைப் பேசாதேங்கோ. அது அவரின்ரை பிழை இல்லை. நான் செய்த வேலை."

நாங்கள் இருவரும் திரும்பினோம்.

"அதிபர் சேருக்கு மூண்டுக்கும் எட்டுக்கும் வித்தியாசம் தெரியிறேல்லை அக்கா. அந்த வெடிச்ச கண்ணாடியாலை மடக்கை அட்டவணையைப் பாத்தால் மூண்டு எல்லாம் அவருக்கு எட்டு. அவர் முதல்லை வாசிப்பார். என்ரை தாளிலை வேறை விடை இருக்கும். நான் அவர் சொன்னதையே திருப்பி வாசிச்சிட்டு, பிறகு என்ரையை அழிச்சு எழுதிப்போடுவன்."

"ஏன்?" என்றார் ரீச்சர்.

"வித்தியாசம் எண்டு நான் சொன்னால் நீங்கள் அவரை நிப்பாட்டிப் போடுவியள். நிப்பாட்டினால்? அந்த மனுசன் விடியக் காலமை எழும்பி வேட்டியை மடிச்சுக் கட்டிக்கொண்டு எங்கை போறது?"

ரீச்சர் கொண்டையில் இருந்த வெண்கட்டியை எடுத்தார், பார்த்தார், திரும்பச் செருகினார். எத்தனை இடத்தில் அப்படிச் செய்தது என்று கேட்டார். இரண்டு இடம் நிச்சயம், இன்னும் இருக்கலாம், நினைவில்லை என்றார் தையல் ரீச்சர். அதாவது அந்தச் சோடியின் கணக்கு முழுவதையும் திரும்பச் செய்ய வேண்டும்.

நான் நடைமுறை அறிந்த மனிதனாக ஒரு யோசனை சொன்னேன். "ரீச்சர், பாதர் போற வரைக்கும் சேரைக் கொஞ்சம் வீட்டிலை இருக்கச் சொல்லுவம். காய்ச்சல் பரவுது எண்டு ஏதும் சொல்லலாம். நாங்கள் மூண்டு பேரும் இருந்தால் கெதியிலை முடிச்சிடலாம்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. வகுப்பில் ஒரு பிள்ளை கெட்டித்தனமாக ஒரு பிழையான விடையைச் சொன்னால் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

"தூணைப் பிடுங்கி எறிஞ்சால் அலை நேரை போகும் மாஸ்ரர். அதுக்குக் கணக்கே தேவையில்லை. தூண் நிக்கேக்கை என்ன நடக்குது எண்டதுதானே எங்கடை கேள்வி."

அதன் பிறகுதான் அந்த வேண்டுகோள் வந்தது. அதற்கு முன்பும் பின்பும் அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை. "மாஸ்ரர், பிழையை நீங்கள் எடுப்பியளோ?" என்றார். ஏதோ சந்தைக்குப் போகிறவரிடம் எனக்கும் அரை றாத்தல் உள்ளி எடுப்பியளோ என்று கேட்கிற மாதிரி. எனக்கு என்ன, ஏற்கெனவே எல்லோர் மனத்திலும் அது என் பெயரில்தான் இருந்தது. கையெழுத்துப் போடுவது மட்டும்தான் பாக்கி.

அடுத்த நாள் காலை, அதிபர் வாங்கைத் துடைத்துவிட்டு உட்கார்ந்ததும் ரீச்சர் ஆரம்பித்தார். "சேர், பிழை பிடிபட்டிட்டுது. மாஸ்ரர் மூண்டை எட்டு எண்டு வாசிச்சிருக்கிறார்."

அதிபரின் முகம் மலர்ந்ததை நான் இன்றும் பார்க்கிறேன். அவர் எழுந்து நின்றே பேசினார். மூன்றுக்கும் எட்டுக்கும் வித்தியாசம் தெரியாதவனிடம் ஒரு தலைமுறையின் கணக்கியலை ஒப்படைத்த கல்வி முறையைப் பற்றி, என் குருமார்களைப் பற்றி, என் பென்சிலின் மொட்டை முனையைப் பற்றி, விறகுக் கொட்டிலின் கிடுகெல்லாம் கேட்கப் பேசினார். இடையில் ஒரு தடவை தையல் ரீச்சரைப் பார்த்தேன். குனிந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தார். சீவல் வாங்கை விட்டுக் கீழே விழுந்து குவிந்தது. பென்சில் பாதியாகிவிட்டது.

"அதாலை சேர்," என்றார் ரீச்சர், "இனி மாஸ்ரரைத் தனிய விடேலாது. நீங்கள்தான் மேற்பார்வை. அட்டவணையை இவா உரத்து வாசிப்பா. நீங்கள் தாளைப் பாக்கத் தேவையில்லை. காதாலை கேட்டு மனத்தாலை போட்டுச் சொல்லுங்கோ. மாஸ்ரர் தன்ரை தாளிலை எழுதட்டும். ரெண்டு பேரும் விடையைத் துண்டிலை எழுதி, முந்நூற்று நாலு சீட்டு விளையாடுற மாதிரிக் கவிட்டு வையுங்கோ. நான்தான் நிமித்துவன். ஆரும் முதல்லை வாசிக்கத் தேவையில்லை."

அதிபரின் விடையைத் தையல் ரீச்சர் அவர் சொல்லச் சொல்லத் துண்டில் எழுதிக் கவிழ்த்தார். இந்த ஏற்பாட்டில் வேலை முன்னைவிட மெதுவாகப் போனது. அட்டவணை ஒன்று, குரல் ஒன்று, ஆகவே ஒரு நேரத்தில் ஒரே கணக்கு. ஆனால் அந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டு கணக்குப் போடுவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். உதடு மட்டும் அசையும். விரல் குடையின் கைப்பிடியில் தாளம் போடும். துண்டுகளை நிமிர்த்தினால் வித்தியாசம் வருவது என் துண்டில்தான். இந்த முறை உண்மையாகவே என் பிழை. "பாத்தியளோ பிள்ளை, கொஞ்சம் கண்ணை எடுக்க விடமாட்டான்" என்று அவர் ரீச்சரிடம் முறையிடுவார். கண்ணை எடுக்க விடாதவன் என்ற பட்டமும் எனக்குக் கிடைத்தது. தூணைவிடக் கொஞ்சம் சின்னப் பட்டம்.

ஒவ்வொரு மீடிறனாகச் சோதனை ஒன்றுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. கரண்ட் காய்த்த தூண் சாதாரணத் தூணாகிவிட்டது. கடைசி மீடிறனின் சமன்பாடுகளைப் பாதி ஒழித்திருக்கும்போது பாதரின் மோட்டார் சைக்கிள் வாசலில் வந்து நின்றது. மண்ணெண்ணெயில் ஓடிய அதன் புகை கொட்டில் வரைக்கும் வந்தது. இன்னும் ஒரு காலை கிடைத்தால் முடியும். பாதருக்கு ஒரு காலை இல்லை. இராணுவச் சோதனைச் சாவடி மூடும் முன் போக வேண்டும். ரீச்சர் அட்டவணையின் கடைசி வரியில் ஒரு கோடு இழுத்துவிட்டுத் தாளை மடித்துக் கொடுத்தார். பாதர் அதைத் தமது பூசைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு, "பிள்ளை, இது முழுக்க இலக்கமாய்க் கிடக்குது. ஆரும் மறிச்சுக் கேட்டால் நான் என்ன சொல்ல?" என்றார்.

"ஒரு தூணிலை அலை பட்ட கதை எண்டு சொல்லுங்கோ பாதர்."

"அதை நம்புவினமே?"

"நாங்களே இப்பதான் நம்பத் தொடங்கியிருக்கிறம்" என்றேன் நான். அன்று முதல் தடவையாக ரீச்சர் என் பகிடிக்குச் சிரித்தார். சிரித்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதிபரை இரண்டு மூன்று நாள் வீட்டில் இருத்தியிருந்தால் அந்தக் கடைசி வரியும் நிரம்பியிருக்கும். நால்வரில் மூவருக்கு அது தெரியும். அதைப் பற்றி ரீச்சர் ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. கோடு போட்ட ஓர் அட்டவணையைப் பரீட்சகர்கள் ஏற்பார்களா, இல்லையா என்று தெரியாமல் அவர் இரண்டு பருவமழைக் காலம் பிள்ளைகளுக்கு ஒளி முறிவும் ஊசலும் படிப்பித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் தபால் அல்லாத தபாலாக, ஆள் மாறி ஆள் மாறி ஒரு கடிதம் வந்தது. எங்கள் இலக்கங்கள் பேராசிரியரின் கணினி சொன்னவற்றோடு ஒத்துப்போயினவாம். ஆய்வேட்டை ஏற்றுக்கொண்டார்கள். அந்த ஒரு வரி கோடாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

அச்சிட்டுக் கட்டிய பிரதி பிறகும் வெகுகாலம் சென்றே வன்னிக்குள் வந்தது. அதற்குள் நாங்கள் இன்னும் ஒரு தரம் இடம் மாறியிருந்தோம். அதிபர் படுக்கையில். கண்ணாடியைத் தலைமாட்டில் கழற்றி வைத்திருந்தார், அதனால் இனிப் பயனில்லை என்ற நிலை. ரீச்சர் பக்கத்தில் இருந்து நன்றியுரைப் பக்கத்தை ஆங்கிலத்தில் ஒரு தரமும் தமிழில் ஒரு தரமும் வாசித்தார். ஒரு நாளும் திருத்த வேண்டி வராத கணிப்புக்காக ஓய்வுபெற்ற அதிபருக்கு நன்றி. தெளிவான குரலுக்காகத் தையல் ஆசிரியைக்கு நன்றி. கணக்கியல் ஆசிரியருக்கு, அவருடைய பிழைக்காக நன்றி.

அதிபர் சிரித்து இருமி, இருமிச் சிரித்தார். "பாத்தியே தம்பி, உன்ரை பிழை புத்தகத்திலையும் ஏறிப்போச்சு. இனி அழிக்கேலாது." நான் அசடு வழிய நின்றேன். ரீச்சரும் தையல் ரீச்சரும் தேத்தண்ணி போடக் குசினிப் பக்கம் போனார்கள். அதிபர் கையை நீட்டித் துழாவி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"தம்பி, ஆர் கேட்டாலும் அது நீ விட்ட பிழை எண்டே சொல்லு. என்ன?"

"ஓம் சேர்."

"எட்டு எண்டு வாசிச்சவன் நீதான். என்ன?"

"ஓம் சேர், நான்தான்."

மணிக்கட்டை விடவில்லை. அவருக்குத் தெரிந்திருந்ததா, எப்போதிருந்து தெரிந்திருந்தது, காதால் கேள் என்று சொன்ன அன்றைக்கா, அதற்கும் முன்பா? நான் கேட்கவில்லை. கேட்கிற கேள்வியா அது? அடுத்த மாரிக்கு அவர் இல்லை.

அந்தத் தையல் ரீச்சர் இப்போது என் சட்டைகளுக்குப் பொத்தான் தைக்கிறார், அல்லது நானே தைத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்கிறார். எங்களுக்குக் கல்யாணம் நடந்ததற்குக் காரணம் அலைவழிகாட்டிதான் என்று நான் சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை. வீட்டில் உப்புக் கூடினாலும், கேத்தில் கருகினாலும், மனைவி ஒரே வசனத்தைத்தான் சொல்லுவார்: "மூண்டை எட்டு எண்டு வாசிச்ச ஆளெல்லே." உண்மை தெரிந்த ஒரே ஆள் அவர், அந்த வசனத்தைச் சொல்லும்போது முகத்தில் ஒரு சுருக்கமும் விழாது.

சண்டை ஓய்ந்து பாதை திறந்த பிறகு ரீச்சர் வெளிநாடு போனார். பனி கொட்டும் ஒரு நகரத்தில் படிப்பித்தார். சென்ற மாதம் அங்கேயே காலமானார். பழைய பாடசாலையில் அஞ்சலிக் கூட்டம் வைத்தார்கள், என்னைப் பேசக் கேட்டார்கள். தாடியோடு மேடையில் ஏறினால் வீட்டில் பேச்சு வாங்க வேண்டிவரும் என்று, கூட்டத்துக்கு முன் கிளிநொச்சியில் ஒரு சலூனுக்குள் நுழைந்தேன். குளிரூட்டி, சுழலும் கதிரை, நுரை பீய்ச்சும் டப்பா. முன்னே ஒரு பெரிய கண்ணாடி. பின்சுவரிலும் ஒன்று. இப்போதும் அப்படித்தான் வைக்கிறார்கள்.

முகம், பிடரி, முகம், பிடரி. வெள்ளைத் தாடி வரவரப் பச்சையாகி, ஆளும் வரவரச் சின்னவனாகிக்கொண்டே போனான். மிகத் தூரத்தில், எண்ண முடியாத இடத்தில், விறகுக் கொட்டிலில் குந்தியிருந்த அந்த மொட்டைப் பென்சில் ஆசிரியனும் வரிசையில் நிற்பான் போலிருந்தது. மேடையில் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. கொண்டையில் வெண்கட்டி வைத்த ஒரு பெண், தன் வாழ்க்கையின் கணக்கில் கடைசி வரியைக் கோடாகவே விட்டுவிட்டு, ஒரு கிழவருக்குக் காலையில் போவதற்கு ஓர் இடம் இருக்கச் செய்தார் என்று சொல்லலாம். சொன்னால் யாருடைய எட்டு என்றும் சொல்ல வேண்டும். அதிபரிடம் ஓம் என்று சொன்னேனே. ஆகவே மேடையில் என் பிழையைத்தான் சொன்னேன். எல்லோரும் நன்றாகச் சிரித்தார்கள். மிச்சத்தை என்ன செய்வது என்று மனைவியிடம் கேட்டேன். "மூண்டு பேரிலை ரெண்டு பேர் இல்லை. நான்தானே இருக்கிறன். எழுதுங்கோ" என்றார். எழுதிவிட்டேன்.

சலூனில் நான் இன்னும் கொஞ்சம் தூரம் பார்க்கலாம் என்று தலையை ஒரு பக்கமாகச் சரித்தேன். கத்தி பிடித்திருந்த பெடியன் பதறிப்போனான்.

"ஐயா, அசையாதேங்கோ!"

கண்ணாடியில் அவன் முகத்துக்குப் பின்னால் யாரும் வாசலில் நிற்கிறார்களா என்று ஒரு கணம் பார்த்தேன். பிறகு கழுத்தை நிமிர்த்தி, அசையாமல் இருந்தேன்.